முழுநேர ஊழியம் மட்டும்தான் அழைப்பா? கடலூர், புதுச்சேரி லுத்தரன் சபையார் சொல்லுங்கள்

புதுப்பாளையம் அக்கா | ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் ஆற்காடு லுத்தரன் திருச்சபைக் குடும்பம். தாத்தா காலத்திலிருந்து கடலூரில்தான் இருக்கிறோம். என் தம்பி கெமிக்கல் டிப்ளமோ படித்தவன், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை. வீட்டுக் கடன் தம்பி பேரில்தான் ஓடுகிறது.

போன மாதம் நண்பர்களோடு புதுச்சேரியில் ஓர் உபவாசக் கூட்டத்துக்குப் போனான். அங்கே பேசியவர், கர்த்தர் உன்னை அழைக்கிறார், நீ இன்னும் கம்பெனிக்கு உழைத்துக்கொண்டிருக்கிறாயே என்று கேட்டாராம். வந்ததிலிருந்து வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன் என்கிறான். ராஜினாமா கடிதத்தை எழுதி பைபிளுக்குள் வைத்திருக்கிறான். அப்பா அவனோடு பேசுவதே இல்லை.

அவன் விசுவாசத்தை நான் சந்தேகப்படவில்லை. கூட்டத்துக்குப் போய் வந்த பிறகு நிஜமாகவே ஜெபிக்கிறான், வேதம் வாசிக்கிறான். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவன் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "இத்தனை வருஷம் நம் கோயிலுக்குப் போகிறேனே, யாராவது என்னைப் பார்த்து நீ அழைக்கப்பட்டவன் என்று சொன்னார்களா?" என்கிறான். அழைப்பு, சீஷத்துவம் (கிறிஸ்துவைப் பின்பற்றி வாழ்வது) இதைப் பற்றியெல்லாம் நம் சபை உண்மையில் என்ன நம்புகிறது? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள். அவனிடம் காட்டப்போகிறேன்.

பட்டாம்பாக்கத்தார் | ஞாயிறு, இரவு 11:05

அம்மா, உங்கள் தம்பியின் கேள்விக்குப் பதில் அவருடைய வாயிலேயே இருக்கிறது. திடப்படுத்தல் வகுப்பில் விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கு, நம் சபைக்குப் பெயர் தந்த ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் எழுதிய விளக்கத்தை அவரும் மனப்பாடமாகச் சொல்லியிருப்பார். என் சொந்தப் புத்தியாலும் பலத்தாலும் இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்கவோ அவரிடம் வரவோ என்னால் முடியாது, பரிசுத்த ஆவியானவர்தான் சுவிசேஷத்தினால் என்னை அழைத்தார் என்று வரும். 1529இல் வெளியான சிறிய ஞானோபதேசம் அது, விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லிக்கொடுக்கிற சிறு நூல். பண்ணையாள், சமையல்காரி, குழந்தை என்று வீட்டில் உள்ள எல்லாரும் சொல்ல வேண்டும் என்று எழுதப்பட்டது. அவர்கள் எல்லாருமே "என்னை அழைத்தார்" என்றுதான் சொல்ல வேண்டும். ஆக, லுத்தரன் சபையில் ஒருவர் அழைக்கப்பட்டவரா என்ற கேள்வி ஞானஸ்நானத் தொட்டியிலேயே தீர்ந்துபோகிறது. நான் பல வருஷம் பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு எடுத்தவன். மனப்பாடம் செய்ய வைக்கிற அளவுக்கு, அது அவரவர் வாழ்க்கையைப் பற்றியது என்று நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. உங்கள் தம்பியின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது விஷயம். பயத்திலும் உருக்கத்திலும் எடுக்கிற தீர்மானத்தைப் பற்றி லுத்தருக்கு நன்றாகவே தெரியும். 1505 ஜூலையில், 21 வயதில், சட்டம் படித்துக்கொண்டிருந்தவர் ஸ்டோட்டர்ன்ஹைம் கிராமத்துக்குப் பக்கத்தில் இடி மின்னலில் மாட்டிக்கொண்டார். புனித அன்னாளே காப்பாற்றும், நான் துறவியாகிறேன் என்று கத்தினார். சுமார் இரண்டு வாரத்தில் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்துவிட்டார். மகன் வக்கீலாவான் என்று பாடுபட்டுப் படிக்க வைத்த அப்பா ஹான்ஸுக்குத் தாங்கவே இல்லை. 1507இல் மகன் முதல் திருப்பலி நடத்திய அன்று விருந்தில் உட்கார்ந்து, தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற கட்டளையை நீ கேட்டதில்லையா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். 1521இல் துறவற நேர்ச்சைகளைப் பற்றி லுத்தர் எழுதியபோது அந்த நூலை அப்பாவுக்கே சமர்ப்பித்தார். அப்பா அன்று சொன்னது நியாயம் என்று அதில் எழுதினார்.

லுத்தரன் சபைகளின் அடிப்படை அறிக்கை, 1530 ஜூன் 25 அன்று பேரரசர் முன் வாசிக்கப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை. அதில் 28 பகுதிகள். அதில் 27ஆம் பகுதி உலகத்தை விட்டு ஓடுவதுதான் பரிபூரணம் என்ற எண்ணத்தை மறுக்கிறது. 16ஆம் பகுதி, கிறிஸ்தவர் அரசு வேலை பார்க்கலாம், வியாபாரம் செய்யலாம், கல்யாணம் செய்யலாம், அன்பு அங்கேதான் காட்டப்பட வேண்டும் என்கிறது. 14ஆம் பகுதி ஒரே வாக்கியம்தான்: முறையாக அழைக்கப்படாமல் யாரும் சபையில் பகிரங்கமாகப் போதிக்கவோ திருவருட்சாதனங்களை நடத்தவோ கூடாது. முறையாக என்றால் சபை வழியாக. என் மனசில் பட்டது என்பது மட்டும் போதாது. பிரசங்க மேடைக்கான அழைப்பு அந்த மனிதனுக்கு மட்டும் கேட்டால் போதாது, அவன் யாருக்கு ஊழியம் செய்யப்போகிறானோ அந்த ஜனங்களுக்கும் கேட்க வேண்டும்.

ஞானோபதேசத்தில் காலை ஜெபம் இருக்கிறதே, அது எப்படி முடிகிறது என்று உங்கள் தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜெபித்த பிறகு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு சந்தோஷமாக உன் வேலைக்குப் போ என்று முடிகிறது.

ஒலிவமரம் | திங்கள், காலை 6:15

ஐயா, நான் பெந்தெகொஸ்தே சபை, லாஸ்பேட்டை. உங்கள் சபையைக் குறை சொல்ல எழுதவில்லை. என் அம்மா வழியில் எல்லாரும் லுத்தரன்தான். ஆனால் மத்தேயு 4இல் என்ன இருக்கிறது? உடனே வலைகளை விட்டார்கள். யாக்கோபும் யோவானும் படகையும் அப்பாவையும் விட்டார்கள். சபைக் கமிட்டியைக் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. லூக்கா 14இல் தகப்பனையும் தாயையும் விட என்னை நேசிக்காதவன் சீஷனாக முடியாது என்கிற அர்த்தத்தில்தானே ஆண்டவர் பேசுகிறார்?

எங்கள் பாஸ்டர் பேங்க் வேலையை விட்டு வந்தவர். அவர் விடாமல் இருந்திருந்தால் குடித்துச் சீரழிந்துகொண்டிருந்த என் அப்பா இன்றைக்கு இல்லை. ஞானஸ்நானத்திலேயே எல்லாம் முடிந்தது என்று சொல்லும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. பெயருக்குக் கிறிஸ்தவர்களாக இருந்து, ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாள் யாரும் போல என்று வாழ்கிறவர்களுக்கு அந்த வார்த்தை தலையணை ஆகிவிடாதா? அந்தத் தம்பிக்குள் எரிகிற நெருப்பை அணைக்காதீர்கள்.

பட்டாம்பாக்கத்தார் | திங்கள், காலை 8:30

சகோதரரே, உங்கள் பயம் எங்கள் சபைக்குள்ளும் உள்ள பயம்தான். அதை யாரையும்விடக் கடுமையாகச் சொன்னவர் ஒரு லுத்தரன் ஆயர், தீத்ரிக் போன்ஹோஃபர். மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பை, சிலுவை இல்லாத கிருபையை, மலிவான கிருபை என்று 1937இல் எழுதினார். 1939இல் நியூயார்க்கில் பாதுகாப்பாக இருந்தவர், ஹிட்லரின் ஜெர்மனிக்கே திரும்பிப் போனார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். கிருபையைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர்களுக்கு எங்கள் சபையிலிருந்தே வந்த பதில் அவருடைய வாழ்க்கை.

ஞானஸ்நானத்தில் எல்லாம் முடிந்தது என்று ஞானோபதேசமும் சொல்லவில்லை. நமக்குள் இருக்கிற பழைய ஆதாம் தினம் தினம் மனஸ்தாபத்தினாலே மூழ்கிச் சாக வேண்டும், புதிய மனிதன் தினம் தினம் எழும்ப வேண்டும், தண்ணீரால் பெற்ற ஞானஸ்நானத்துக்கு அதுதான் அர்த்தம் என்கிறது. சீஷத்துவம் என்று நாங்கள் சொல்வது இந்தத் தினசரி சாவையும் எழுப்புதலையும்தான்.

இரவு டூட்டி | திங்கள், பிற்பகல் 2:20

நான் ஜிப்மரில் நர்ஸ். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை.

ஒலிவமரம் அண்ணா, வலையை விட்ட பேதுருவுக்கு வீடு இருந்தது, காய்ச்சலில் படுத்திருந்த மாமியார் இருந்தார். ஆண்டவர் அந்த வீட்டுக்கே போய்க் குணமாக்கினார். உயிர்த்தெழுந்த பிறகும் சீஷர்கள் படகில் மீன் பிடிக்கிறார்கள், கரையில் இயேசு நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருக்கிறார். பவுல் கூடாரம் தைத்துக்கொண்டே கொரிந்துவில் ஊழியம் செய்தார், அப்போஸ்தலர் 18இல் இருக்கிறது. சிலரை ஆண்டவர் வேலையிலிருந்து எடுத்தார், மெய்தான். வரி வசூலித்தவர்கள் யோவான் ஸ்நானகனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, அவர் வேலையை விடச் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதே என்றார்.

இந்த இழையில் நான் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நர்ஸ் வேலை ஒரு தேவ அழைப்பு என்று மேடையில் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கும், கோபமும் வரும். இங்கே சேர்வதற்கு முன்னால் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இரவில் ஒரு வார்டு முழுக்க ஒருத்தியாகப் பார்க்க வேண்டும். ஆள் போடுங்கள் என்று கேட்டால், "சிஸ்டர், இது வேலை இல்லை, சேவை" என்பார்கள். அழைப்பு என்கிற வார்த்தையை வைத்தே வாயை அடைத்தார்கள். லுத்தரன் போதனை அதுவா? லுத்தர் தினசரி அப்பத்தைப் பற்றி எழுதும்போது நல்ல அரசாங்கம், நல்ல அயலார் எல்லாம் அதில் அடங்கும் என்கிறார். நோயாளிக்குத் தேவையானது தூங்கி வழியாத நர்ஸ். அப்படியென்றால் ஆள் போடுங்கள் என்று கேட்பதும் என் அழைப்புக்குள்தான் வருகிறது.

விசுவாசத்தால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறோம் என்பது எனக்கு டூட்டியில்தான் புரிந்தது. நான் நன்றாக வேலை பார்த்தால் பரலோகத்தில் மார்க் கிடைக்கும் என்று நினைத்தால், படுக்கையில் இருப்பவர் என் மார்க் வாங்குகிற வழியாகிவிடுகிறார். கடவுளுக்கு என் நற்கிரியை தேவைப்படவில்லை. படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்க ஆள் தேவைப்படுகிறது அந்தப் பாட்டிக்கு. என் கணக்கு கிறிஸ்துவில் தீர்ந்துவிட்டதால் நான் அந்தப் பாட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

மிஷன்வீதி | திங்கள், மாலை 5:10

புதுச்சேரிக் கத்தோலிக்கன். இரவு டூட்டி சகோதரி எழுதியதில் எங்களுக்கும் பெரிய சண்டை இல்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரத்திலேயே லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கூட்டாகக் கையெழுத்திட்டார்கள். நம்முடைய தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்த ஆவியானவரே நம்மை நற்செயலுக்கு ஏவுகிறார் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது.

ஆனால் துறவறத்தைப் பற்றிப் பட்டாம்பாக்கத்தார் எழுதியதை நான் ஏற்கவில்லை. எங்கள் கன்னியர்கள் உலகத்தை விட்டு ஓடியவர்கள் இல்லை. சுனாமி வந்தபோது கடற்கரைக் கிராமங்களில் முதலில் போய் நின்றவர்களில் அவர்களும் உண்டு.

வடக்குத்தெரு | திங்கள், இரவு 10:45

எல்லாரும் அழகாக எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பானதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவனவன் தான் அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கக்கடவன். 1 கொரிந்தியர் 7:20. உன் வேலையே உன் அழைப்பு என்ற போதனைக்கு இந்த வசனத்தைத்தான் காட்டுவார்கள். இந்த வசனம் ஜெர்மனியில் ஒரு செருப்புத் தைக்கிறவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் அது எப்படிக் கேட்கும் என்று தெரியும். பிறப்பைப் பார்த்து வேலையைக் கொடுத்த ஊர் இது. பறை அடி, சாவு சொல்லு, மாட்டைத் தூக்கு, அதுதான் உனக்கு விதித்தது என்று சொன்ன ஊர். அங்கே வந்து நீ இருக்கிற இடமே கடவுள் உன்னை வைத்த இடம் என்றால், ஆண்டை சொன்னதையே ஆயரும் சொல்கிறார் என்றுதான் என் தாத்தாவுக்குக் கேட்டிருக்கும்.

சபை மட்டும் சுத்தமா? அழைப்பு சபை வழியாக வர வேண்டும் என்று ஐயா எழுதினார். ஆரோன் நம்ம கடலூரில் பிறந்தவர். 1718இல் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்று, 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியர்களில் முதல் புராட்டஸ்டண்ட் ஆயர். கடலூர்க்காரன் என்ற பெருமை எனக்கும் உண்டு. அவர் வெள்ளாளர். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்று ஓர் உபதேசியார் இருந்தார். தஞ்சாவூர் ராஜாவின் படையில் இருந்தவர், சுவிசேஷத்துக்காக அடிபட்டவர், வைராக்கியமான ஊழியர். எங்கள் ஜனம். 1741இல் அடுத்த குருப்பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கனுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்ற யோசனைதான் காரணம். ஆண்டவர் அழைத்தார், சபைக்குக் கேட்கவில்லை. அப்போது ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 14ஆம் பகுதி யார் பக்கம் நின்றது?

கேள்வியை நான் அக்காவின் தம்பிக்காகக் கேட்கவில்லை. எனக்காகக் கேட்கிறேன்.

பட்டாம்பாக்கத்தார் | செவ்வாய், காலை 7:50

தம்பி, நீங்கள் எழுதியதை இரவு படித்தேன், தூக்கம் வரவில்லை. ராஜநாயக்கனைப் பற்றி நீங்கள் சொன்னது வரலாறு. அந்தத் தயக்கத்துக்குச் சுவிசேஷத்தில் இடமில்லை. சபை அழைப்பைக் கேட்க மறுத்த இடம் அது. அப்படி மறுக்கும் சபையை வேதவசனத்தைக் கொண்டு எதிர்க்கத்தான் வேண்டும்.

எதிர்த்தவர்களும் நம் மண்ணிலேயே இருந்தார்கள். கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் வழியாக இங்கே வந்தவர். சபைக்குள் சாதிக்கு அந்த மிஷன் இடம் கொடுக்கிறது என்று சண்டை போட்டுப் பிரிந்தார். பிறகு மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானி என்று பெயரிட்டு ஊழியத்தை ஆரம்பித்தார். 1860களில் டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை வளர்ந்தது அந்த வேரிலிருந்துதான். நெல்லிக்குப்பம் தாண்டிப் பண்ருட்டி ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் அந்த ஊரைப் பார்த்திருப்பார்கள். சாதியோடு சமாதானமாகப் போக முடியாது என்று ஒருவர் கிளம்பியதால் இந்தச் சபை இங்கே இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்கு அது பெரிய குறை.

இப்போது அந்த வசனம். 20ஐ வாசித்துவிட்டு 21க்கு முன்னால் புத்தகத்தை மூடக் கூடாது. அடிமையாக இருக்கும்போது அழைக்கப்பட்டாயா, கவலைப்படாதே, விடுதலையாக முடியுமானால் அதை எடுத்துக்கொள் என்கிறார் பவுல். 23இல் மனுஷருக்கு அடிமைகளாகாதீர்கள் என்கிறார். கடவுள் கூப்பிட்டது ஆளை. அந்த ஆளின் மேல் ஊர் ஏற்றிய சுமையைக் கடவுளின் பேரில் எழுத யாருக்கும் உரிமை இல்லை. லுத்தரன் போதனையில் அழைப்பின் அளவுகோல் அயலானின் தேவை. அவமானப்படுத்துவதற்காகவே ஒருவன் தலையில் கட்டிய வேலையால் அயலானுக்கு என்ன நன்மை? கட்டினவனின் கர்வம்தான் வளரும். 1520இல் லுத்தர் எழுதினார், ஞானஸ்நானம் பெற்ற எல்லாரும் ஆசாரியர்கள் என்று. பிறப்பைப் பார்த்துப் படிக்கட்டு கட்டுகிற எந்த ஏற்பாட்டையும் அந்த ஒரு வரி இடித்துப்போடும். இடித்துப்போட்டிருக்க வேண்டும்.

வடக்குத்தெரு | செவ்வாய், மதியம் 1:30

ஓக்ஸ் பற்றி எழுதியதற்கு நன்றி ஐயா. 'போட்டிருக்க வேண்டும்' என்று முடித்தீர்களே, அதுதான் நிஜம். கல்லறைத் தோட்டத்திலும் கல்யாணப் பேச்சிலும் இன்னும் இடியவில்லை. என் அப்பா படித்து வாத்தியாரானார், நான் எல்.ஐ.சி.யில் இருக்கிறேன். தாத்தாவின் வேலையை நாங்கள் விட்டதுதான் எங்களுக்குக் கிடைத்த அழைப்பு என்று நம்புகிறேன். அக்காவின் தம்பிக்கு நான் சொல்வது இதுதான்: வேலையை விடுவதும் சில நேரம் கீழ்ப்படிதல்தான். ஏன் விடுகிறாய் என்று மட்டும் கேட்டுக்கொள்.

கெடிலம் | செவ்வாய், இரவு 11:20

நான்தான் அந்தத் தம்பி. அக்கா லிங்க் அனுப்பினாள். எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன்.

ஏன் விடுகிறாய் என்று வடக்குத்தெரு அண்ணன் கேட்டதால் இதை எழுதுகிறேன். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.

நான் வேலை பார்ப்பது கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில். வெளியே போகிற தண்ணீரை ஒவ்வொரு ஷிஃப்டிலும் சோதித்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். சி.ஓ.டி., அதாவது தண்ணீரில் எவ்வளவு கழிவு கலந்திருக்கிறது என்று காட்டுகிற அளவு, லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சில நாள் அதைத் தாண்டி வரும். கொஞ்ச காலமாக, தாண்டினாலும் உள்ளே இருப்பதுபோல் எழுதிக் கையெழுத்துப் போடு என்று மேலே இருப்பவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இதுவரை போடவில்லை. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டும் லீவு போட்டும் தள்ளிவந்தேன். இனித் தள்ள முடியாது. குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து ஜனங்கள் காற்றுக்கும் தண்ணீருக்கும் எத்தனை வருஷமாகப் போராடுகிறார்கள் என்று கடலூரில் எல்லாருக்கும் தெரியும். என்னோடு படித்தவன் குடிகாட்டில் இருக்கிறான்.

இந்த மனநிலையோடுதான் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். இந்த உலக வேலையை விட்டு வெளியே வா என்று அவர் சொன்னபோது அழுதுவிட்டேன். அது பொய்யான உணர்ச்சி இல்லை. ஆண்டவர் பேசினார் என்றுதான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் எதிலிருந்து வெளியே வரச் சொன்னார் என்று இப்போது எனக்குத் தெளிவாக இல்லை. நான் ஊழியத்துக்குப் போனால் அந்த ரெஜிஸ்டரில் வேறொருத்தன் கையெழுத்துப் போடுவான். தண்ணீர் அதே தண்ணீர்தானே?

ஒலிவமரம் | புதன், காலை 5:50

தம்பி, இதை வாசித்து முழங்காலில் நின்றேன். நெருப்பை அணைக்காதீர்கள் என்று எழுதியவன் நான். இந்த நெருப்பு எங்கே எரிகிறது என்று இப்போது தெரிகிறது. கையெழுத்துப் போடாமல் இத்தனை நாள் நின்றாயே, அதுவே சாட்சி. தானியேல் ராஜாவின் அரண்மனையில் இருந்துகொண்டேதான் ராஜாவின் போஜனம் வேண்டாம் என்றான். நீ ஊழியத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் உனக்காக எங்கள் ஜெபக்குழு உபவாசம் இருக்கும்.

பட்டாம்பாக்கத்தார் | புதன், காலை 9:15

மகனே, ஞானோபதேசத்தில் பாவ அறிக்கை பற்றிய பகுதியில் ஒரு கேள்வி உண்டு. எந்தப் பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்று. லுத்தர் பட்டியல் போடவில்லை. பத்துக் கட்டளைகளின்படி உன் நிலையைப் பார் என்கிறார். நீ தகப்பனா, தாயா, மகனா, எஜமானா, வேலைக்காரனா என்று பார்த்து அங்கே யோசி என்கிறார். உன் நிலை அந்தச் சோதனை மேஜை. நம் கணக்கில் எட்டாம் கட்டளை பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பது. ரெஜிஸ்டரில் எழுதுகிற எண் ஒரு சாட்சிதான். ஐந்தாம் கட்டளை கொலை செய்யாதிருப்பது. அதற்கு லுத்தரின் விளக்கம், அயலானின் உடலுக்குத் தீங்கு செய்யாதே என்பதோடு நிற்காது. அவனுடைய உடலுக்குத் தேவையான எல்லாவற்றிலும் அவனுக்கு உதவி செய் என்று தொடர்கிறது. குடிகாட்டில் இருக்கிற உன் நண்பன்தான் அந்த அயலான். சீஷத்துவம் உன்னிடம் விலை கேட்கிற இடம் இதுதான். அந்த விலையைப் பிரசங்க மேடையிலிருந்து கட்ட முடியாது.

ஒன்றையும் மறந்துவிடாதே. நீ கையெழுத்துப் போட மறுப்பதால் ஆண்டவர் உன்னை ஏற்றுக்கொள்வார் என்பதல்ல. ஏற்கெனவே ஏற்றுக்கொண்டார். அதனால்தான் வேலை போனாலும் உன்னால் நிற்க முடியும்.

ஊழிய ஆசை உண்மையாக இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. ஆயரிடம் சொல். சபையில் பாடம் வாசி, ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடு, சபையார் உன்னைப் பார்க்கட்டும். அவர்கள் பரிந்துரைத்தால் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி எங்கேயும் போய்விடாது.

இரவு டூட்டி | புதன், மாலை 4:40

தம்பி, நான் நடைமுறையில் பேசுகிறேன். வாயால் சொல்வதற்கெல்லாம் வாயாலேயே பதில் சொல்லாதே. சரியான எண்ணை எழுதி, தேதி, நேரம் போட்டுக் கையெழுத்திடு. அதற்கு உனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், அதுதான் உன் வேலை. மாற்றச் சொன்னால் எழுத்தில் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேள். பெரும்பாலும் எழுத்தில் தர மாட்டார்கள். யார், எப்போது, என்ன சொன்னார் என்று தனியாக உன் நோட்டில் குறித்து வை. யூனியன் இருந்தால் ஒருத்தரிடமாவது சொல்லிவை, தனியாக நிற்காதே. ஆஸ்பத்திரியில் மருந்துச் சார்ட்டைத் திருத்தச் சொன்னபோது நாங்கள் இப்படித்தான் நின்றோம். வீட்டுக் கடன் இருக்கிறது, அதனால் வேறு கம்பெனிகளுக்கும் இப்போதே பயோடேட்டா அனுப்பு. வேறு வேலை தேடுவது அவிசுவாசம் ஆகாது.

வடக்குத்தெரு | புதன், இரவு 8:05

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இது அவன் ஒருத்தன் தலையில் விழுகிற சுமையாகிவிடக் கூடாது. வேலைக்கு உண்மையாயிரு என்று பிரசங்கம் செய்கிற சபை, அதனால் ஒருத்தனுக்கு வேலை போனால் அந்த வீட்டுக் கடனுக்கு என்ன சொல்லப்போகிறது? நான் கேட்பது காசு வசூல் அல்ல. சபைக் கமிட்டி இதைப் பேச வேண்டும், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு என்றால் சபை லெட்டர்பேடில் போக வேண்டும். ராஜநாயக்கனுக்குக் கேட்காத காது இவனுக்காவது கேட்கட்டும்.

புதுப்பாளையம் அக்கா | வெள்ளி, இரவு 9:30

இன்று சாயங்காலம் நானும் தம்பியும் ஆயரைப் பார்த்துவிட்டு வந்தோம். அப்பாவும் கடைசி நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். ரெஜிஸ்டர் விஷயத்தைத் தம்பி அங்கேதான் அப்பா முன்னால் முதல் தடவை சொன்னான்.

ஆயர் ஊழியத்துக்குப் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் இதே ஆசையோடு வா, சபையும் நானும் உன்னைக் கவனித்துக்கொண்டிருப்போம், அதுவரை ஞாயிறு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை எடுத்துக்கொள் என்றார். வடக்குத்தெரு அண்ணன் கேட்டதை அப்படியே காட்டினேன். கமிட்டியில் எல்லாரும் ஒத்துக்கொள்வார்களா என்பது சந்தேகம்தான், சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்கள் கமிட்டியிலேயே இருக்கிறார்கள், ஆனாலும் வரும் கூட்டத்தில் வைக்கிறேன் என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

தம்பிக்குத் திங்கட்கிழமை ஏ ஷிஃப்ட். சரியான எண்ணைத்தான் எழுதப்போகிறான். ராஜினாமா கடிதம் இன்னும் பைபிளில்தான் இருக்கிறது, நான் எடுக்கச் சொல்லவில்லை. பட்டாம்பாக்கத்தார் ஐயா, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் கட்டளையையும் எட்டாம் கட்டளையையும் எப்படி ஆரம்பிப்பது என்று அவன் கேட்கிறான். நீங்கள் வகுப்பு எடுத்த முறையை இங்கேயே எழுத முடியுமா?

பட்டாம்பாக்கத்தார் | வெள்ளி, இரவு 10:10

எழுதுகிறேன் அம்மா. நாளைக் காலையில் பழைய நோட்டைத் தேடி எடுத்துவிட்டு ஒவ்வொரு கட்டளையாகப் போடுகிறேன். தம்பியை வினாக்களோடு தயாராக இருக்கச் சொல்லுங்கள்.